அயல்நாட்டு வகுப்பறையும் அதன் எழுதப்படாத விதிகளும்

வெளிநாட்டுக்கு ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே உள்ளவை பற்றியது. விசா, வாடகை வீடு, வங்கிக் கணக்கு, குளிருக்கு என்ன உடை, பெரியவர்களைப் பார்த்தால் எப்படி வணக்கம் சொல்வது. இவையெல்லாம் தேவைதான். ஆனால் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் இவை தாமாகவே ஒரு வழிக்கு வந்துவிடும். கேட்டால் சொல்ல ஆள் இருக்கும், தப்பாகச் செய்தால் யாராவது உடனே திருத்துவார்கள்.

வழிக்கு வராமல் நீடிப்பது வேறு. கேள்வி கேட்டால் வகுப்பே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு நாட்டில், கேட்டு முடிப்பதற்குள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். எல்லார் முன்னாலும் மனதாரப் பாராட்டிய மாணவி மறுநாளிலிருந்து கையே தூக்குவதில்லை. திருத்திய தாளைக் கொடுத்தால் நல்ல மதிப்பெண் வாங்கியவரின் முகம் வாடுகிறது. பல வருட அனுபவம் உள்ள ஆசிரியர்கூட ‘எனக்குப் பாடம் நடத்தவே தெரியவில்லையோ’ என்று கலங்கிப்போகும் இடம் இதுதான். இங்கே என்ன தவறு நடந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கேயே வளர்ந்தவர்களுக்கு அது ஒரு விதி என்றே தெரியாது.

இந்தத் தடுமாற்றத்துக்குக் ‘கலாசார அதிர்ச்சி’ என்று பெயர் வைத்துப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை 1960இல் அச்சில் வந்தது. முதலில் எல்லாமே அழகாகத் தெரியும் தேனிலவுக் காலம், அப்புறம் நெருக்கடி, பிறகு மெல்ல மீளுதல், கடைசியில் இணக்கம் என்று அவர் படிகளை வகுத்தார். அதற்கிடையில், 1955இல், நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் 18 மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடையில் இருந்தவர்கள்தான் சிரமப்பட்டிருந்தார்கள். கீழே இறங்கி மேலே ஏறும் அந்த ‘யூ’ வடிவ வளைவு இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் காட்டப்படுகிறது.

அந்த வளைவை நம்பி உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லிஸ்கார்ட் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்துச் சொன்னதல்ல அது. வெவ்வேறு காலம் தங்கிய வெவ்வேறு ஆட்களை ஒப்பிட்டது. நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. அதில் தேனிலவையே காணவில்லை. வந்து இறங்கிய நேரத்தில்தான் சிரமம் அதிகமாக இருந்தது, பிறகு குறைந்தது. இதைவிட முக்கியமான குறை இன்னொன்று. அதிர்ச்சி என்ற பேச்சு முழுவதும் போனவரின் மனதைப் பற்றியது. ஆசிரியரின் சிக்கல் அவர் மனதுக்குள் மட்டும் இல்லை. எதிரே முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி என்றால் என்ன, ஆசிரியர் என்றால் யார், எப்போது பேசலாம், எது அவமானம் என்று வருடக்கணக்கில் பழகி வந்தவர்கள். அதைக் கற்றுக்கொள்ளாமல் நாட்களை மட்டும் கடத்தினால் மனம் வேண்டுமானால் அமைதியாகும், வகுப்பு மாறாது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்டிக்லர் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1970களின் இறுதியில், ஜப்பானில் ஒரு நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். கனசதுரத்தை முப்பரிமாணமாகத் தெரியும்படி தாளில் வரைவது அன்றைய பாடம். ஒரு பையனுக்கு அது கோணலாகவே வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அவனையே கரும்பலகைக்கு அழைத்தார். நன்றாகச் செய்தவரைத்தான் பலகைக்கு அழைப்பார்கள் என்று பழகியிருந்த ஸ்டிக்லருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பையன் வரைகிறான், சரியாக இருக்கிறதா என்று சற்றைக்கொருமுறை ஆசிரியர் வகுப்பைக் கேட்கிறார், பிள்ளைகள் தலையை ஆட்டி இல்லை என்கிறார்கள், அவன் மறுபடி வரைகிறான். இப்போது அழுதுவிடுவான், இப்போது அழுதுவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டிக்லருக்குத்தான் வியர்த்ததாம். பையன் அழவில்லை. வகுப்பு முடிகிற நேரத்தில் சரியாக வரைந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் பெருமையோடு போய் உட்கார்ந்தான்.

அந்த அறையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பார்க்கப் போனவருக்கும் இல்லை. ஆனால் ஒரே செயல் ஒருவருக்கு வதை, இன்னொருவருக்கு ‘உன்னால் முடியும், நாங்கள் காத்திருக்கிறோம்’ என்ற மரியாதை. இப்போது இதை வேலைக்குப் போகும் ஆசிரியருக்குப் பொருத்திப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒருவர், தடுமாறும் பிள்ளையைக் கூச்சப்படுத்த வேண்டாம் என்று அன்போடு விட்டுவிடுகிறார். அந்தப் பிள்ளை அதை ‘ஆசிரியர் என்னைக் கைவிட்டுவிட்டார்’ என்று எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிலிருந்து அமெரிக்கா போன ஒருவர் தடுமாறும் பிள்ளையை அக்கறையோடு பலகையில் இருபது நிமிடம் நிறுத்தினால், அன்று மாலையே பெற்றோர் தலைமையாசிரியருக்கு எழுதலாம். பணி ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பிற்காலத்தில் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபெர்ட்டும் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். 1995ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வான டிம்ஸுடன் சேர்ந்து எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள் வீடியோவில் பதிவு செய்யப்பட்டன: ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81. ஒரே நாட்டுக்குள் பாடங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருந்தன. நாடு மாறினால் ஆளே மாறியதுபோல் இருந்தது. அமெரிக்காவில் ஆசிரியர் முறையைச் செய்து காட்டுவார், பிள்ளைகள் அதே மாதிரிக் கணக்குகளைப் போடுவார்கள். ஜப்பானில் முதலில் கடினமான ஒரு கணக்கைக் கொடுத்துத் திணறவிட்டு, அப்புறம் யார் எப்படி யோசித்தார்கள் என்று பேச வைப்பார்கள். இந்தச் சாயலை ஆசிரியர்கள் பெரும்பாலும் பயிற்சிக் கல்லூரியில் கற்பதில்லை என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. சின்ன வயதில் மாணவராக உட்கார்ந்திருந்த அத்தனை வருடங்களில் அது உடம்பில் ஏறிவிடுகிறது. நமக்கு ஏறியது ஒன்று, அங்கே எதிரே இருப்பவர்களுக்கு ஏறியது இன்னொன்று.

பேசாத வகுப்புதான் புது ஆசிரியரை அதிகம் நோகடிக்கும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு நொடி அளவுதான்! அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே பேச ஆரம்பித்துவிடுகிறார், அல்லது வேறொருவரைக் கேட்கிறார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, பேசுகிறவர்கள் கூடினார்கள், பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். இது சொந்த மொழியில் படித்த பிள்ளைகளின் கதை. கேள்வி வேற்று மொழியிலும் பழகாத உச்சரிப்பிலும் வந்தால், அதைப் பிடித்து, தன் மொழியில் யோசித்து, பதிலை மீண்டும் மொழிமாற்றி, இலக்கணம் சரியா என்று பார்த்து, எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று முடிவெடுக்க வேண்டும். மூன்று நொடியும் போதாது. வெளிநாட்டு ஆசிரியருக்கோ மௌனம் பயம் தருவதால் அவர் இன்னும் வேகமாகப் பேசுகிறார். வகுப்பு இன்னும் அடங்கிப்போகிறது.

நேரம் பாதிக் காரணம். யார் பேசுவது, எந்த அமைப்பில் பேசுவது என்பது மீதிப் பாதி. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பூர்வகுடி ஒதுக்கீட்டுப் பகுதியில் சூசன் ஃபிலிப்ஸ் செய்த ஆய்வு 1972இல் வெளியானது. அங்கே பிள்ளைகள், மொத்த வகுப்பின் முன்னால் ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால் பேச மறுத்தார்கள். மந்தமானவர்கள் என்று ஆசிரியர்கள் முடிவு கட்ட இதுவே போதும். ஆனால் தாங்களாக நடத்திய குழு வேலையிலும், ஆசிரியரிடம் தனியாகப் போய்ப் பேசும்போதும் அதே பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். அவர்கள் சமூகத்தில் ஒரு வேலையைப் பார்த்துப் பார்த்து, தனியே செய்து பழகி, தேறிவிட்டோம் என்று தோன்றிய பிறகுதான் பிறர் முன் காட்டுவார்கள். தேறும் முன்பே நடுவில் நிறுத்திச் சோதிப்பதும், ஒரே ஆள் எல்லாரையும் ஆட்டிவைப்பதும் அவர்களுக்குப் பழக்கமில்லை. சொந்த நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால், கடல் தாண்டிப் போகிறவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இதற்கு ஒரு எளிய வழி பெரும்பாலான இடங்களில் எடுபடுகிறது. கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள். அப்புறம் ‘உன் பதில் என்ன’ என்று கேட்காமல் ‘நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டீர்கள்’ என்று கேளுங்கள். இப்போது பதில் இருவருடையது. தவறானாலும் ஒருவர் தலையில் விழாது. கூடவே, ‘புரிந்ததா?’ என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடலாம். பல சமூகங்களில் ‘புரியவில்லை’ என்று சொல்வது ஆசிரியர் சரியாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே குற்றம் சொல்வதாகும். எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலையும் நம்ப முடியாது. பல்கேரியாவில் மேலும் கீழும் தலையசைத்தால் பாரம்பரியமாக ‘இல்லை’ என்று அர்த்தம். புரிந்ததைச் செய்து காட்டச் சொல்வதே மேல்.

மதிப்பெண் விஷயத்தில் விழும் குழிகள் சின்னவை, ஆனால் வலி பெரியது. ஜெர்மனியில் 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசம். பின்லாந்தில் 4 தோல்வி, 10 உச்சம். பிரான்சில் 20க்குப் போடுவார்கள். மேல்வகுப்புகளில் 14 என்பது நல்ல மதிப்பெண், 20 அபூர்வம். சதவீதத்தில் பழகியவர் 14ஐ எழுபதாக மாற்றிப் பார்த்துச் சுமார் என்று நினைத்தால் கணக்குச் சரி, தீர்ப்புத் தப்பு. அதைவிடச் சங்கடமானது டிக். பல நாடுகளில் சரியான விடைக்குப் போடும் அதே குறி, பின்லாந்திலும் ஸ்வீடனிலும் தவறைக் காட்டப் பயன்படுவது. ஜப்பானில் சரிக்கு வட்டம் போடுவார்கள். டிக் போன்ற கோடு விழுந்தால் தவறு. விடிய விடியத் திருத்திய தாளை வாங்கிப் பார்த்து ஒரு பிள்ளை உடைந்துபோனால் ஆசிரியருக்குக் காரணமே விளங்காது. முதல் தாளைத் திருத்தும் முன் அங்குள்ள ஓர் ஆசிரியர் திருத்திய கட்டை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், நாட்டுக்கு நாடு ஒரு பட்டியல் போட்டுவிடலாமே என்று தோன்றும். அந்த ஆசையை முதலில் பெரிதாக நிறைவேற்றியவர் டச்சு ஆய்வாளர் கேர்ட் ஹோஃப்ஸ்டீட். ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்கள் 1967க்கும் 1973க்கும் இடையில் நிரப்பிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து, அதிகார இடைவெளி (மேலே இருப்பவருக்குக் கூடுதல் அதிகாரம் இருப்பதைக் கீழே இருப்பவர் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்), தனிமனித நோக்கு (குழுவைவிடத் தனிமனிதருக்கு எவ்வளவு முதன்மை) என நாடுகளுக்கு அளவுகள் கொடுத்தார். அதையே வகுப்பறைக்குப் பொருத்தி 1986இல் ஒரு கட்டுரை எழுதினார்: அதிகார இடைவெளி பெரிதாக உள்ள நாடுகளில் மாணவர் கேட்டால்தான் பேசுவார், குறைவாக உள்ள நாடுகளில் ஆசிரியரை மறுத்தும் பேசுவார் என்கிற மாதிரி. போகும் முன் படித்துவைக்க இது உதவும். ஆனால் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் சொன்னதை ஒரு நாட்டின் தலையில் ஏற்றலாமா என்று விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு நாட்டின் சராசரியை வைத்து முன்வரிசையில் இருக்கும் ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ள முடியாது.

பட்டியல் எப்படித் தவறான பாதையில் இழுக்கும் என்பதற்குச் சீன மாணவர்கள் நல்ல உதாரணம். அவர்கள் வெறும் மனப்பாடம் செய்பவர்கள் என்பது மேற்கத்திய ஆசிரியர்களிடம் வெகுகாலம் ஊறிப்போன எண்ணம். அப்படியானால் பன்னாட்டுத் தேர்வுகளில், புரிதலைச் சோதிக்கும் கேள்விகளிலும் அவர்கள் எப்படி முன்னால் நிற்கிறார்கள்? ஹாங்காங்கில் டேவிட் வாட்கின்ஸ், ஜான் பிக்ஸ் ஆகியோர் தொகுத்து 1996இல் வந்த ஆய்வுகள் இந்தப் புதிரைத்தான் எடுத்துக்கொண்டன. அவற்றில் ஃபெரென்ஸ் மார்ட்டனும் சகாக்களும் சீன ஆசிரியர் பயிற்றுநர்களிடம் பேசியபோது, திரும்பத் திரும்பப் படிப்பது அவர்களுக்குப் புரிந்துகொள்ளும் வழியாகவே இருந்தது தெரியவந்தது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறொரு கோணத்தில் பார்த்து ஆழமாகப் போவது. வெளியிலிருந்து பார்த்தால் மனப்பாடம். உள்ளே நடப்பது வேறு. அதை ஒழிக்கவேண்டிய கெட்ட பழக்கமாக எண்ணி உள்ளே நுழைகிற ஆசிரியர், தன் மாணவர்களின் மிகப்பெரிய பலத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. சிறுசிறு பழக்கவழக்கப் பிழைகளை மாணவர்கள் மன்னித்துவிடுவார்கள். தங்கள் படிப்பு முறையே மட்டமானது என்று ஓர் ஆசிரியர் நினைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அந்த வருடம் போனதுதான்.

மரியாதையின் வடிவங்கள் இன்னும் எளிதில் பிடிபடும். பின்லாந்திலும் ஸ்வீடனிலும் பிள்ளைகள் ஆசிரியரை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதில் அவமரியாதை துளியும் இல்லை. கொரியாவில் வெறும் பெயரைச் சொல்லி ஆசிரியரைக் கூப்பிடுவது நினைத்துப் பார்க்க முடியாதது. ஜெர்மனியில் மேல்வகுப்புக்கு வந்ததும் ஆசிரியர்கள் மாணவர்களையே ‘நீங்கள்’ என்று அழைக்கத் தொடங்குவது வழக்கம். இதற்கெல்லாம் இரண்டு வாரம் போதும்.

சட்டம் வேறு விஷயம். அங்கே பழகித் தெரிந்துகொள்ள அவகாசம் கிடையாது. தென்கொரியாவில் 2016 செப்டம்பர் 28 முதல் நடப்புக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். ஆசிரியர் தினமான மே 15 அன்று ஒரு மாணவர் தனிப்பட்ட முறையில் ஒரு கார்னேஷன் பூ கொடுப்பதுகூடக் கூடாது, மாணவர் பிரதிநிதி எல்லார் முன்னிலையிலும் கொடுக்கலாம் என்று அந்நாட்டு ஊழல் தடுப்பு ஆணையம் விளக்கம் தந்தது. பரிசை மறுப்பது மனதைப் புண்படுத்தும் நாட்டிலிருந்து வந்தவருக்கு இது கல்நெஞ்சம் போலத் தெரியும். பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது, மூடிய அறையில் தனியே பேசுவது, மாணவரோடு கைபேசியில் செய்தி அனுப்பிக்கொள்வது எல்லாமே ஓர் இடத்தில் அக்கறை, இன்னோர் இடத்தில் விசாரணைக்குரிய செயல். இவற்றைச் சேர்ந்த முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடி விஷயத்தில் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் 1979இல் வீட்டில்கூடப் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது, உலகில் முதல் நாடாக. சிங்கப்பூரில் ஆண் மாணவர்களுக்கு மட்டும், தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்தவரோ மட்டும் பிரம்படி கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அடி சட்டப்படி அனுமதிக்கப்பட்ட, அல்லது சட்டம் தடுத்தும் நடக்கிற பள்ளிக்குப் போகும் ஆசிரியர், ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று பிரம்பைத் தொட வேண்டியதில்லை. பொருந்திப்போவது என்பது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் ‘நான் அடிக்கமாட்டேன்’ என்பதைச் சக ஆசிரியர்களுக்குப் பாடம் எடுப்பதுபோல் சொல்லாமல், தன் வகுப்பை வேறு வழியில் ஒழுங்காக நடத்திக் காட்டினால் அது எடுபடும். உபதேசம் செய்தவரை அந்த ஸ்டாஃப் ரூம் ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்டவருக்கு அந்தப் பள்ளியில் எதையும் மாற்றும் வலு இருக்காது.

ஸ்டாஃப் ரூம் என்றதும் இன்னொன்று. ஆசிரியர் வேலை எங்கே முடிகிறது என்பதிலும் நாடுகள் ஒத்துப்போவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் 2018 ஆசிரியர் ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் அதிகம். சராசரி 38 மணி நேரத்தை ஒட்டி இருந்தது. விளையாட்டு, கலைக் குழுக்களின் பொறுப்பும் அதில் சேர்ந்தது. பாடம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர், தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்; மற்றவர்கள் தங்களை விட்டுவிட்டுப் போகிறார் என்று பார்க்கிறார்கள். தினமும் எட்டு மணிவரை இருக்கச் சொல்லவில்லை. ‘இன்று நான் கிளம்பலாமா, ஏதாவது வேலை இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டுப் போவதே நிலைமையை மாற்றிவிடும்.

இத்தனையையும் தனி ஆளாகக் கண்டுபிடிக்கச் சொல்வது அநியாயம். வெளிநாட்டு ஆசிரியரை வேலைக்கு எடுக்கும் பல பள்ளிகள் விமான நிலையத்தில் வரவேற்று, அறையைக் காட்டி, மறுநாளே முழு அட்டவணையோடு வகுப்புக்கு அனுப்பிவிடுகின்றன. இரண்டாம் பருவத்தில் புகார் வந்தால் ‘அவருக்கு ஒத்துவரவில்லை’ என்கிறார்கள். முதல் பருவத்தில் புதியவர் என்று மாணவர்கள் பொறுத்துப்போவதால் பிரச்சினை வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். 1987இல் தொடங்கிய ஜப்பானின் ஜெட் திட்டம் வெளிநாட்டு இளைஞர்களை உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் துணை மொழி ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அந்த ஏற்பாட்டிலும் சிக்கல்கள் உண்டு. ‘ஒவ்வொருவர் நிலைமையும் வேறு’ என்பது அதில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாசகம். ஆனாலும் கேட்பதற்கு அறைக்குள்ளேயே ஓர் ஆள் இருப்பது பெரிய வசதி. அப்படி அமைப்பு இல்லாத பள்ளியிலும் முதல் இரண்டு வாரம் பாடம் நடத்தாமல், மற்றவர்கள் வகுப்பின் பின்வரிசையில் சம்பளத்தோடு உட்கார்ந்து பார்க்க விடலாம். யாருக்கு எப்போது பேச்சு கிடைக்கிறது, தவறான விடைக்கு ஆசிரியர் முகம் எப்படி இருக்கிறது, தாமதமாக வந்த பிள்ளை எப்படி உள்ளே வருகிறது என்று எழுதிக்கொண்டால் போதும். வேலை கேட்கும்போதே இந்த இரண்டு வாரத்தை ஆசிரியர் கேட்டுப் பெற வேண்டும். கிடைக்காவிட்டால், தன் ஓய்வு பீரியட்களில் சக ஆசிரியர்களிடம் அனுமதி வாங்கிப் போய் உட்கார வேண்டும்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1963இல் அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி, வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் சொந்த நாட்டில் இரண்டாம் முறை தடுமாறுவதைக் கவனித்து அந்த ‘யூ’வை ‘டபிள்யூ’ ஆக நீட்டினார்கள். ஆசிரியர்களிடம் இது இன்னும் கூர்மையாக இருக்கும். முன்பு இயல்பாகச் செய்த ஒவ்வொன்றும், யாரை அழைக்கிறோம், எவ்வளவு காத்திருக்கிறோம், எதற்குச் சத்தம் போடுகிறோம் என்பது உட்பட, இப்போது பல வழிகளில் ஒன்றாக மட்டும் தெரிகிறது. அவரை வரவேற்கும் பள்ளி வழக்கமாகக் கேட்பது விட்ட இடத்திலிருந்து தொடரத்தான். அதற்குப் பதிலாக, அவர் அங்கே பார்த்த ஒரு பாடத்தை அப்படியே சக ஆசிரியர்களுக்கு நடத்திக் காட்டச் சொல்லி ஒரு மதியத்தை ஒதுக்கலாம். அடுத்து வெளிநாடு போக இருக்கிறவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால், அவருக்கான பயிற்சி அன்றே தொடங்கிவிடும்.